கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாங்கிய ஃபிளாட்: பிரிந்த பிறகு யாருக்கு எவ்வளவு?

கேட்டுச்சொல் (கேள்வி)

தோழி ஒருத்திக்காகக் கேட்கிறேன். லிவ்-இன் உறவு. பதிவுத் திருமணமும் இல்லை, கோயில் தாலியும் இல்லை. இருவருமே வேறு யாரையும் மணந்தவர்கள் இல்லை. ஐந்து வருஷம் முன்னால் சென்னையில் 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினார்கள். கிரையப் பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது, ஆனால் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதவில்லை. கைக்காசு 15 லட்சத்தில் அவள் 10, அவர் 5. மீதி 45 லட்சம் கூட்டாக வாங்கிய ஹோம் லோன், இஎம்ஐ சுமார் 39,000. இதுவரை கட்டிய 23.4 லட்சத்தில் 15.4 அவர் கணக்கிலிருந்து போனது, 8 இவளுடையது. கடன் பாக்கி சுமார் 39.6 லட்சம். இன்றைய விலை 78 லட்சம் வரும் என்கிறார்கள்.

வீட்டைத் தானே வைத்துக்கொள்ள நினைக்கிறாள். அவரோ "இஎம்ஐ கட்டினது நான், முக்கால் பங்கு எனக்கு" என்கிறார். குடும்ப நீதிமன்றம் போக வேண்டுமா? இன்னொன்று, அவர் பெயரில் மட்டும் இருக்கும் காருக்கு இவள் 4 லட்சம் கொடுத்திருக்கிறாள். அது திரும்புமா?

மொட்டைமாடி

ரெண்டு பேர் பெயர் இருந்தா பாதி பாதிதாங்க, இதுல என்ன குழப்பம். அவரை ஒரு செட்டில்மென்ட் பத்திரம் (காசு வாங்காம சொத்தை எழுதிக் கொடுக்கறது) எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. கிரையத்தை விட செலவு ரொம்பக் கம்மி. வேலை முடிஞ்சுது.

பிராது

மேலே சொன்ன இரண்டுமே தப்பு. செட்டில்மென்ட் பற்றி பத்திர வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்வார்கள், நான் பங்கு விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், குடும்ப நீதிமன்றம் கிடையாது. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் பிரிவு 7 சொல்வது திருமண பந்தத்தில் உள்ளவர்களுக்கு இடையிலான சொத்துத் தகராறு. இவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். சட்டத்தின் கண்ணில் இவர்கள் இரண்டு கூட்டு உரிமையாளர்கள், அவ்வளவுதான். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள், யார் சமைத்தார்கள், யார் விட்டுப் போனார்கள் என்பதெல்லாம் பட்டா, பத்திரக் கணக்கில் சேராது. (கணவன் மனைவிக்கே இங்கே "பிரிந்தால் பாதி" என்று பொதுச் சட்டம் இல்லை, கோவா போன்ற ஓரிரு இடங்கள்தான் விதிவிலக்கு. பலர் வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.)

பங்கு எவ்வளவு என்பதற்கு 1882 சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 45-ஐப் பார்க்க வேண்டும். பத்திரத்திலோ தனி ஒப்பந்தத்திலோ பங்கு எழுதியிருந்தால் அதுவே முடிவு. எழுதவில்லை என்றால், விலைப்பணத்தில் யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம். அதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால்தான் சம பங்கு. ஆக "பாதி பாதி" என்பது கடைசிப் படி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 45 லட்சம் கடனுக்கு இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், வேறு ஒப்பந்தம் இல்லை. எனவே தலைக்கு 22.5 லட்சம். அவளுடையது 10 + 22.5 = 32.5 லட்சம், அவருடையது 5 + 22.5 = 27.5 லட்சம். 60-க்கு 32.5 என்றால் 54.17 சதவீதம் அவளுக்கு, 45.83 அவருக்கு.

இஎம்ஐ? அது வாங்கிய பிறகு கடனை அடைத்த பணம். விற்றவருக்கு விலை முழுவதும் பத்திரப்பதிவு அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. கூட்டாகக் கடன் பட்டவர்களில் ஒருவர் தன் பாகத்துக்கு மேல் கட்டினால், கூடுதலை மற்றவரிடம் கேட்டு வாங்கலாம் என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 43 சொல்கிறது. அவர் கேட்க வேண்டியது பணம், கூடுதல் பங்கு இல்லை. அவர் வக்கீல் இதற்கு எதிராக வாதாடத்தான் செய்வார், இஎம்ஐ-யும் விலைப்பணத்தின் பகுதியே என்பார். ஆனால் அந்த வாதத்தை ஒப்புக்கொண்டாலும் முக்கால் வராது. 23.4 லட்சத்தில் பாதிக்கு மேல் வட்டிக்குப் போயிருக்கும். ஐந்து வருஷத்தில் குறைந்த அசல் 5.4 லட்சம்தானே!

பேசித் தீர்ப்பதாக இருந்தால் தொகை இப்படி வரும்:

78 லட்சத்தில் அவர் பங்கு 35.75. அதில் கடன் பாக்கியில் அவர் பாதி 19.8 கழித்தால் 15.95. இஎம்ஐ-யில் ஆளுக்கு 11.7 கட்டியிருக்க வேண்டும், அவர் 3.7 கூடுதல். அதைச் சேர்த்தால் 19.65 லட்சம். கடன் முழுவதையும் அவள் ஏற்றுக்கொண்டு, இந்தத் தொகையைக் கொடுத்தால் நேர்.

கைக்காசு 10 லட்சம் அவள் கணக்கிலிருந்து பில்டருக்கோ விற்றவருக்கோ நேராகப் போனதா என்று முதலில் பாருங்கள். அவர் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து போயிருந்தால் இரண்டு ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். பழைய ஸ்டேட்மென்ட்டை வங்கிக் கிளையில் கையெழுத்து முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள். பில்டர் ஃபிளாட் என்றால் அந்தக் காலத்தில் பிரிக்கப்படாத மனைப் பங்குக்கு ஒரு பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இருந்திருக்கும். இரண்டிலும் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

ஆவணக்கட்டு

செட்டில்மென்ட்ல செலவு கம்மின்னு சொன்னவருக்கு: அந்தச் சலுகை குடும்ப உறுப்பினருக்கு மட்டும். அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவங்க, இவ்வளவுதான் பட்டியல். சேர்ந்து வாழ்ந்தவர் அதுல இல்லை. குடும்பத்துக்குள்ள செட்டில்மென்ட்டோ விடுதலைப் பத்திரமோ (தன் பங்கை மற்ற பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கறது) எழுதினா முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 (2023 ஜூலையிலிருந்து இந்த உச்சவரம்பு). வெளியாளுக்கு எழுதினா உச்சவரம்பே கிடையாது. விடுற பங்கோட சந்தை மதிப்புல சதவீதக் கணக்கு. "மனைவி"ன்னு போட்டு எழுதிடலாம்னு ஐடியா சொல்றவங்களும் இருக்காங்க. வேண்டவே வேண்டாம். உறவைப் பொய்யா காட்டினா பின்னாடி குறைவு முத்திரைத் தீர்வை வசூல் வரும், அதைவிட மோசம், நாளைக்கு அவரே "அவ என் மனைவி"ன்னு அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கிட்டு வருவார்.

இன்னொரு பெரிய குழி வருமான வரி. காசு வாங்காம பங்கை விட்டுக்கொடுத்தா, வாங்குறவங்களுக்கு அது இலவசமா வந்த சொத்து. முத்திரை மதிப்பு 50,000-ஐத் தாண்டினா முழுசும் அவங்க வருமானத்துல சேரும். உறவினருக்கு விலக்கு உண்டு, லிவ்-இன் துணை அந்த உறவினர் பட்டியல்லயும் இல்லை. 30 சதவீத வரிப் படியில இருக்கறவங்களுக்கு 30 லட்சம் பங்குக்கு 9 லட்சத்துக்கு மேல வரி. நட்பா முடிச்சுக்கறோம்னு இலவசமா எழுதி வாங்கினவங்க மாட்டறது இங்கதான்.

அதனால பிரதிபலனோட (பங்குக்குக் கொடுக்கற விலை) விடுதலைப் பத்திரம், இல்லைன்னா அந்தப் பிரிக்கப்படாத பங்குக்கு மட்டும் கிரையப் பத்திரம். பிரதிபலன் எழுதற வாசகம்தான் முக்கியம். மேல "பிராது" போட்ட கணக்குல கைக்கு வர்றது 19.65, ஆனா பங்கோட விலை 35.75. பத்திரத்துல வெறும் 15.95-னு எழுதினா, அந்தப் பங்கோட வழிகாட்டி மதிப்பு (முத்திரைத் தீர்வைக்கு அரசு வச்சிருக்கற மதிப்பு) 30 லட்சமா இருந்தா, 14 லட்சம் வித்தியாசம் வாங்குறவங்க தலையில வருமானமா விழும். (வித்தியாசம் 50,000, பிரதிபலனில் 10 சதவீதம், ரெண்டுல எது பெருசோ அதைத் தாண்டக்கூடாது.) அதனால "மொத்தப் பிரதிபலன் 35,75,000. இதில் இன்ன வங்கி, இன்ன எண் கடனில் விடுவிப்பவர் பொறுப்பான 19,80,000-ஐ பெறுபவர் ஏற்றுக்கொள்கிறார், மீதி 15,95,000 இன்ன தேதி வங்கி மாற்றம்"னு ரெண்டையும் பிரிச்சு எழுதணும். இஎம்ஐ பாக்கி 3.7 லட்சம் பங்கோட விலை இல்லை. அதுக்குத் தனி ரசீது, தனி வங்கி மாற்றம்.

பங்கை விடுறவருக்கு மூலதன ஆதாய வரி வரும். 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5 சதவீதம், 2024 ஜூலை 23-க்கு முன்னாடி வாங்கினதுன்னா பணவீக்கச் சரிக்கட்டலோட 20 சதவீதம், எது கம்மியோ அதைக் கட்டலாம். இவங்க தொகை 50 லட்சத்துக்குக் கீழ, அதனால 1 சதவீத டிடிஎஸ் பிடிக்க வேண்டியதில்லை.

முத்திரைத்தாள்ல "எனக்கு இந்த வீட்டில் உரிமை இல்லை"ன்னு எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கறதெல்லாம் வேலைக்கு ஆகாது. அசையாச் சொத்துப் பங்கு கை மாறணும்னா பதிவுச் சட்டம் பிரிவு 17-படி பதிவு கட்டாயம். பதியாத தாளைக் காட்டி உரிமை கேட்க முடியாது.

அசல்வட்டி

பத்திர ஆபீஸ் போறதுக்கு முன்னால் வங்கி. இந்த வரிசையை மாற்றினால் சிக்கல்.

மூலப் பத்திரம் வங்கியில், அடமானம் வில்லங்கச் சான்றிதழில் ஏறியிருக்கும். வங்கிக்குத் தெரியாமல் பங்கை மாற்றுவது கடன் ஒப்பந்தத்தை மீறுவது. அதைவிட முக்கியம், பங்கை எழுதிக் கொடுத்த பிறகும் கடனில் அவர் பெயர் அப்படியே இருக்கும். கூட்டுக் கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. "நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்று கடிதம் கொடுத்தால் வங்கி ஃபைலில் செருகி வைக்கும், அவ்வளவே. ஒரு தவணை தவறினால் இருவர் சிபில் மதிப்பெண்ணும் (கடன் நம்பகத்தன்மைக் கணக்கு) விழும்.

பெயர் நீக்கம் எப்படி நடக்கும்: இருவரும் கையெழுத்திட்ட விண்ணப்பம் கொடுத்தால், தங்குபவரின் தனி வருமானத்தை வைத்து 39.6 லட்சத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று புதுக் கடன் மாதிரியே பார்ப்பார்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு வருஷ வரிக்கணக்கு, ஆறு மாத ஸ்டேட்மென்ட், திரும்ப மதிப்பீடு, திரும்ப சட்டக் கருத்து. தகுதி பற்றாவிட்டால் பெற்றோரையோ உடன்பிறந்தவரையோ இணைக் கடன்தாரராகச் சேர்க்கலாம். மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாம். அங்கேயும் தனி உரிமைப் பத்திரம் கேட்பார்கள், இங்கே பத்திரம் எழுத என்ஓசி (பழைய வங்கியின் ஆட்சேபனை இல்லாக் கடிதம்) கேட்பார்கள், முட்டிக்கொள்ளும். புது வங்கி ஒப்புதல் கடிதம் கொடுத்தவுடன், பழைய கடன் அடைப்பு, விடுதலைப் பத்திரப் பதிவு, புது அடமானம் மூன்றையும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ வைத்துக்கொள்வதுதான் வழி. இரண்டு கிளை மேலாளர்களையும் முன்கூட்டியே பேச வையுங்கள்.

கடன் முழுசாக அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். தாமதம் வங்கியின் தவறால் என்றால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு, ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பரிலிருந்து. யாரிடம் தருவது என்று எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

கூட்டு சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை இன்றைக்கே கவனியுங்கள். "இருவரில் ஒருவர்" முறையில் உள்ள கணக்கில் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுக்கலாம், வங்கி கேள்வி கேட்காது. ஒருவர் எழுத்து மூலம் ஆட்சேபித்தால் அதன்பின் இருவர் கையெழுத்தும் சேர்ந்துதான் பணம் நகரும். இஎம்ஐ அந்தக் கணக்கிலிருந்து போகிறது என்றால், நிறுத்துவதற்கு முன் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தவணை திரும்பும்.

கேட்டுச்சொல்

எல்லோருக்கும் நன்றி. கணக்கை அவருக்கு அனுப்பினாள். கையெழுத்துப் போட மாட்டேன், என் பங்கை வெளியாளுக்கு விற்றுவிடுவேன் என்கிறார். போன வாரம் வீட்டுப் பூட்டையும் மாற்றியிருக்கிறார். இனி என்ன செய்வது?

பிராது

பூட்டு விஷயம் அவசரம். பங்கு விஷயம் ஆறப்போடலாம், இதை முடியாது.

பூட்டு மாற்றிய தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே போலீசில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பினாலும் அந்த ரசீது தேதிக்குச் சாட்சி. குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 6-ன்படி, சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால், சொத்து யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கே போகாமல் அனுபவத்தை (வீட்டைக் கையில் வைத்திருக்கும் நிலையை) திரும்பப் பெறலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

அவளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2005 குடும்ப வன்முறைச் சட்டம் "திருமணத்தை ஒத்த உறவு" என்பதையும் சேர்த்திருக்கிறது. எது அப்படிப்பட்ட உறவு என்று உச்ச நீதிமன்றம் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் (2010) வரையறுத்தது: இருவரும் திருமண வயதும் தகுதியும் உள்ளவர்கள், ஊரறிய தம்பதிபோல் இருந்தவர்கள், கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒருவருக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தால் கதை வேறு, 2013 இந்திரா சர்மா வழக்கில் அந்தக் காரணத்தால் நிவாரணம் மறுக்கப்பட்டது. இவர்களுக்கு அந்தத் தடை இல்லை. பகிர்ந்து வாழ்ந்த வீட்டுக்குள் விடாமல் தடுப்பது பொருளாதார வன்முறை வரையறைக்குள் வரும். மாஜிஸ்திரேட்டிடம் பிரிவு 12 மனு, கூடவே பிரிவு 23-ல் இடைக்கால உத்தரவு கேட்டால், உள்ளே விடவும், பங்கை விற்காமல் இருக்கவும் பிரிவு 19-ல் ஆணையிடலாம். ஆனால் இதனால் கிடைப்பது குடியிருக்கும் உரிமைதான். பங்கு ஒரு சதவீதம்கூட ஏறாது. இரண்டையும் குழப்பி "வீடு எனக்கே வேண்டும்" என்று அந்த மனுவில் எழுதுகிறவர்கள் உண்டு, மனுவே பலவீனமாகும்.

வெளியாளுக்கு விற்பேன் என்பது வெற்று மிரட்டல் இல்லை. பிரிக்கப்படாத பங்கை விற்க அவருக்கு உரிமை இருக்கிறது. கூட்டுக் குடும்ப வீட்டுக்குள் அந்நியர் குடிவர முடியாது என்ற பாதுகாப்பு சொத்து மாற்றுச் சட்டம் பிரிவு 44-ல் உள்ளது, ஆனால் மணமாகாத இருவர் வாங்கிய ஃபிளாட்டுக்கு அதை நீட்டுவது கடினம். நடைமுறையில் அடமானம் உள்ள பாதிப் பங்கை நல்ல விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள். பயம் என்றால் பாகப்பிரிவினை வழக்கைத் தாக்கல் செய்யுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் (அதே சட்டம், பிரிவு 52), அதோடு இடைக்காலத் தடையும் கேட்கலாம். வெளியேற்றப்பட்ட நிலையில் போட்டால் நீதிமன்றக் கட்டணம் பங்கின் சந்தை மதிப்பில் கணக்கிடப்படும், கூட்டு அனுபவத்தில் இருக்கும்போது போட்டால் சிறிய, நிலையான கட்டணம்தான். பூட்டை முதலில் கவனிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே ஒரு நுணுக்கம், நிறைய வக்கீல்களே கோட்டை விடுவது. ஃபிளாட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. அப்போது 1893 பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 2-ன்படி, பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர் விற்றுத் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டவுடன் பிரிவு 3 வேலை செய்யும்: விற்கச் சொன்னவரின் பங்கை, நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு மற்றவர் வாங்கிக்கொள்ளலாம். வீட்டை வைத்துக்கொள்ள விரும்பும் அவள் "விற்றுக் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டால், அவளை வெளியே அனுப்பும் சாவியை அவரிடமே கொடுத்த மாதிரி. அந்தக் கோரிக்கை அவள் வாயிலிருந்து வரக்கூடாது. அவர் கேட்கட்டும். 45.83 சதவீதம் என்று முடிவானால் அவரால் கேட்கவே முடியாது. சம பங்கு என்று முடிவாகி அவர் கேட்டால், அவள் பிரிவு 3-ல் வாங்கிக்கொள்வாள்.

செலவுக்குப் பயந்தால், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் அவருக்கு அழைப்பு அனுப்புவார்கள்.

ஆவணக்கட்டு

கார் கேள்வியை யாரும் தொடலை. "காசு நான் கொடுத்தேன், அதனால கார் என்னுது"ன்னு கேட்கப் போகாதீங்க. ஒருத்தர் பணம், இன்னொருத்தர் பெயர்னா 1988 பினாமி தடைச் சட்டம் நடுவுல வரும். மனைவி, பிள்ளை பெயர்ல வாங்கறதுக்கு அதுல விலக்கு உண்டு, லிவ்-இன் துணைக்கு இல்லை. பிரிவு 4-படி அப்படி ஒரு உரிமையைக் கேட்டு வழக்கே போட முடியாது, போடற மனுவே பினாமின்னு ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி ஆயிடும். 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஒன்றிலிருந்து ஏழு வருஷம் வரை கடுங்காவல். வீட்டை மொத்தமா துணை பெயர்லயே வாங்கிட்டு பணம் மட்டும் போட்டவங்களுக்கும் இதே நிலைதான்.

4 லட்சம் கடனாக் கொடுத்ததுன்னா, கடனாக் கேட்கலாம். கொடுத்த தேதியிலிருந்து மூணு வருஷம்தான் கெடு. அதுக்குள்ள அவர் "தர்றேன்"னு கையெழுத்தோட எழுதியிருந்தாலோ, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து அதுக்கு அவர் கைப்பட எழுத்து இருந்தாலோ அங்கிருந்து புதுசா மூணு வருஷம். கெடு தாண்டிடுச்சுன்னாலும், அவர் புதுசா எழுத்தில் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்தா ஒப்பந்தச் சட்டம் 25(3) அதை ஏத்துக்கும். வங்கி மாற்றத்துல குறிப்பு என்னன்னு பாருங்க. "கிஃப்ட்"னு இருந்தா அத்தோட விட்டுடலாம்.

வாட்ஸ்அப் பேச்சை ஆதாரமா வைக்கறதா இருந்தா ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. இப்போதைய சாட்சியச் சட்டம் பிரிவு 63-படி சான்றிதழ் இணைக்கணும், அதுல தரப்பினர் பகுதி ஒண்ணு, நிபுணர் பகுதி ஒண்ணு. போனை மாத்தாதீங்க, பேச்சை அழிக்காதீங்க.

எல்லாம் முடிஞ்சு விடுதலைப் பத்திரம் பதிவானதும், மறுநாளே புது வில்லங்கச் சான்று போட்டு பதிவு ஏறியிருக்கான்னு பாருங்க. அப்புறம் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு, குடியிருப்போர் சங்கப் பதிவேடு நாலுலயும் பெயர் மாத்தணும். வீட்டுக் காப்பீடும், கடனோட சேர்த்து எடுத்த ஆயுள் காப்பீடும் பழைய பெயர்ல, பழைய நாமினியோட ஓடிட்டிருக்கும், அதையும் அதே வாரத்துல மாத்துங்க.